பின் சீட்டைக் காலியாக விடுங்கள்

2018 ஜூன் மாதம், ஓய்வு பெற்ற கையோடு, நானும் என் அலுவலகத்து மூத்த நண்பரும் ஆளுக்கொரு புல்லட்டில் மதுரையிலிருந்து லே வரை போய்வந்தோம். அதைப் பற்றிக் கேட்கும் நம் வயதுக்காரர்கள் முதலில் முதுகுவலியை விசாரிப்பார்கள், அடுத்து, "என்னென்ன எடுத்துக்கிட்டுப் போனீங்க?" என்பார்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

பெட்ரோல் கேனைச் சேர்க்காமல் என் மூட்டை ஒன்பது கிலோ. தெரு முனை அரிசிக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேன்ட், மூன்று பனியன், ஒரு முழுக்கை ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஒரு நாலு முழ வேட்டி. இந்த வேட்டிதான் துண்டு, போர்வை, உடை மாற்ற மறைப்பு எல்லாம். ஸ்பேனர் செட், கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், ஒரு டியூப், பஞ்சர் சாமான். ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு பங்காக்கி இரண்டு வண்டிகளிலும் வைத்தோம். என் மனைவி திணித்த பருப்புப் பொடி அரைக் கிலோ. அதை மட்டும் குறைக்க முடியவில்லை. ஆந்திரம் தாண்டியபின் அதன் அருமை தெரிந்தது.

எல்லாம் இரண்டு பக்கவாட்டுப் பைகளில் அடங்கின. பின் சீட்டில் எதையும் கட்டக் கூடாது என்பது நண்பர் போட்ட சட்டம்.

அன்றாட வாழ்க்கை ரொம்ப எளிமை. நாலரைக்கு எழுந்து, டயர் காற்று, செயின், ஆயில் பார்த்து, ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவோம். ஏழு மணிக்கு டீ. நாக்பூர், ஜான்சி பக்கம் ஜூன் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆகவே பகல் ஒரு மணிக்குமேல் வண்டி ஓட்டுவதில்லை. ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர், அதற்குமேல் ஆசைப்படவில்லை. தாபாவில் கயிற்றுக் கட்டில், ரொட்டி, பருப்பு. இரவு துவைத்த பனியன் காயாவிட்டால் பையின் மேல் வலையில் செருகிவிடுவோம். பத்து மணிக்குள் காய்ந்துவிடும்.

மணாலிக்கு மேல், ரோதாங் கணவாயைக் கடந்து இறங்கினால் தாண்டி என்ற ஊர். பெயருக்கேற்றாற்போல் அப்போது அதைத் தாண்டினால் பெட்ரோல் கிடையாது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று பலகையே வைத்திருந்தார்கள். டேங்க்கை நிரப்பி, ஆளுக்கு ஐந்து லிட்டர் கேனிலும் வாங்கிக்கொண்டோம். செல்போனும் அப்போது போகப்போக ஊமையாகிவிடும். "நாலு நாள் போன் வராது, பயப்படாதே" என்று வீட்டுக்குச் சொன்னேன்.

உடம்பு பழகட்டும் என்று ஜிஸ்பாவில் ஓர் இரவு தங்கித்தான் ஏறினோம். ஆனாலும் 4,200 மீட்டருக்கு மேலே, சிங்சிங்பாரில், நண்பருக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிறகு வாந்தி. டீ வேண்டாம் என்றார். எழுந்து நடந்தபோது கால் தடுமாறியது.

"தம்பி, நீ போயிட்டு வா. நான் இந்தக் கூடாரத்துலேயே படுத்திருக்கேன்."

"அண்ணே, பேசாம என் வண்டியில ஏறி உட்காருங்க."

மலை நோய்க்கு மாத்திரையைவிட முதல் வைத்தியம் கீழே இறங்குவதுதான். முன்னால் இருப்பதோ 4,800 மீட்டருக்கு மேற்பட்ட பாராலாச்சா கணவாய். அதைத் தாண்டி சார்ச்சுவில் போய் மாட்டியிருந்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கணவாய் ஏறித்தான் ஆக வேண்டும்.

அவர் வண்டியைக் கூடாரக்காரரிடம் விட்டோம். அவருடைய பைகளை என் டேங்க்கின் மேல் கட்டினேன். பின் சீட் காலியாக இருந்தது, அதில் அவர். நழுவாமலிருக்க வேட்டியால் என் இடுப்போடு அவரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். ஓடைகளும் கல்லும் நிறைந்த பாதையில் நீண்ட இறக்கம். முதுகில் அவர் தலை சாய்ந்திருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "அண்ணே" என்பேன். "ம்" என்று பதில் வரும். அந்த "ம்" வராமல் போய்விடுமோ என்பதுதான் வழியெல்லாம் என் பயம்.

ஜிஸ்பாவில் இறங்கி இரண்டு மணி நேரத்தில் டீ கேட்டார். அவர் டீ கேட்டதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், பிறகு லே போய்ச் சேர்ந்தபோதுகூட வரவில்லை.

இரண்டு இரவு ஓய்வு. தாண்டிக்கு இறங்கி மறுபடி பெட்ரோல் நிரப்பினேன். மூன்றாம் நாள் ஒரே வண்டியில் மேலே போய், அவர் புல்லட்டை எடுத்துக்கொண்டு, நிதானமாகப் போய்ச் சேர்ந்தோம்.

இந்த வயதில் பயணம் போகிறவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். பட்டியல் போடும்போது "இது தேவைப்படுமோ" என்று கேட்டால் எல்லாமே தேவைப்படும். கூட வருகிறவரை ஏற்றிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பருப்புப் பொடிக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும்.