கோணமலையில் ஊன்றுகோல்

கிழக்கிலங்கையின் கரையோரத்தில், கடல் நிலத்தினுள் வளைந்து புகுந்து குன்றுகளின் மடியில் அமைதி கொண்டு கிடக்கும் இடம் திருகோணமலை. உலகின் இயற்கைத் துறைமுகங்களுள் சிறந்தவற்றுள் ஒன்றென இதனைக் கப்பலோட்டிகள் நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக இதனை விரும்பி வந்தமைக்குக் காரணம் வேறில்லை. பெருங்கப்பல்களும் கரைக்கு அண்மையில் நிற்கத்தக்க ஆழமும், புயலுக்கும் அலைக்கும் மறைவான அமைப்பும் இத்துறைக்கு ஒருங்கே வாய்த்திருக்கின்றன. பழுதுற்ற கப்பல்கள் இங்கே இளைப்பாறிச் சீர்பெற்று மீண்டும் கடலேறின.

கப்பல்களுக்கு வாய்த்த அந்த இளைப்பாறுதல் மனிதருக்கும் வாய்க்கக் கூடாதா என்ற எண்ணத்துடன் சென்ற ஆனி மாதத்தில் நாம் அங்கே ஐந்து நாட்கள் தங்கினோம். எம்முடன் வந்த நண்பர் இளமையில் கல்லூரிக்காகவும் பின்னர் கழகத்துக்காகவும் உதைபந்தாடியவர். நாற்பத்தாறு வயதிலும் மாணவருக்குப் பயிற்சி அளித்துவந்தவர். மூன்றாண்டுகளாக வலது இடுப்பில் குடிகொண்ட வலி அவரை மைதானத்தின் ஓரத்துக்கும், பின் நாற்காலிக்கும் தள்ளிவிட்டது. இறுதியில் சத்திரசிகிச்சை நடந்தது. நாம் புறப்பட்டபோது அது முடிந்து எட்டாவது வாரம். இரண்டு ஊன்றுகோல்களும் போய் ஒற்றைக் கைத்தடி மிஞ்சியிருந்தது. மீண்டும் மைதானத்தில் இறங்குவோமா என்ற ஒரே கேள்வி அவர் மனத்தில் நிறைந்திருந்தது.

எலும்புக்கு ஒரு கவசம்

எமது இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதனுள் சுழலும் ஒரு பந்தும் போன்றது. இவற்றை மூடியுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உராய்கின்றது. வழமையான முழுமூட்டு மாற்றுச் சிகிச்சையில் அந்தப் பந்தை அடியோடு வெட்டி நீக்கித் தொடையெலும்பினுள் உலோகத் தண்டொன்றைச் செருகுவர். நண்பருக்குச் செய்தது வேறு. பந்தை வெட்டாமல், தேய்ந்த மேற்பரப்பை மட்டும் செதுக்கி, அதன் மேல் உலோகக் கவசம் ஒன்றை அணிவித்து, கிண்ணத்துக்கும் உலோக உள்வரி பொருத்திவிட்டனர். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் டெரெக் மெக்மின் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய சகாக்களும் உருவாக்கி 1997 ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்த கவசமே இவ்வகையில் பெயர் பெற்றது.

எலும்பு பெரும்பாலும் காக்கப்படுவதும், பந்து பெரிதாயிருப்பதால் மூட்டு எளிதில் விலகாமையும் இதன் நன்மைகள். ஆயினும் யாவருக்கும் ஏற்றதன்று. உலோகத்தோடு உலோகம் உராய்வதனால் கோபால்ட், குரோமியம் ஆகியவற்றின் நுண்கூறுகள் குருதியிற் கலக்கக்கூடும். ஒரு நிறுவனத்தின் கவசம் 2010 ஆம் ஆண்டு உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. சிறிய மூட்டுடையோருக்கும் பெண்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதும் அனுபவத்தில் தெரியவந்தது. ஆகையால் எலும்பு வலிமை மிக்க, ஓடியாடி வாழும் நடுவயது ஆடவர்க்கே இன்று இதனைப் பெரும்பாலும் தேர்கின்றனர்.

நண்பருக்கு ஊக்கமளித்தவர் டென்னிஸ் வீரர் அன்டி மரே. 2019 ஆம் ஆண்டு தை மாதத்தில் மெல்பேணில் ஐந்து சுற்றுகள் போராடித் தோற்று, வலியால் இனி ஆட முடியாதென்று கலங்கிய அவருக்கு, அதே மாதம் 28 ஆம் திகதி லண்டனில் இதே சிகிச்சை நடைபெற்றது. ஆனி மாதத்தில் இரட்டையர் போட்டியில் கிண்ணம் வென்றார். ஐப்பசியில் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் நகரில் ஒற்றையர் பட்டமும் அவருடையதாயிற்று. அவருக்கு முன் 2018 ஆம் ஆண்டு இதே சிகிச்சை பெற்ற பொப் பிரையன் ஐந்தே மாதங்களில் களத்துக்கு மீண்டிருந்தார். இக்கதைகளை நண்பர் மனப்பாடமாக ஒப்புவிப்பார். ஆனால் மரேயைப் பழைய உச்சத்துக்கு அந்தக் கவசம் கொண்டு சேர்க்கவில்லை என்பதையும், நாள் முழுவதும் பயிற்சியாளர் அருகிருக்க அவர் மீண்டார் என்பதையும் நாம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

கோட்டை வாயிலிலிருந்து

முதல் நாட் காலையில் வெயில் ஏறுமுன் பிரெடரிக் கோட்டையின் வாயிலை அடைந்தோம். 1620 களில் போர்த்துக்கேயர் எழுப்பி, பின்னர் ஒல்லாந்தர் திருத்தி, 1795 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைக்கொண்ட கோட்டை இது. உள்ளே மரநிழலில் புள்ளிமான்கள் மனிதரை அஞ்சாது மேய்ந்து திரிகின்றன. பாதை மெல்ல மெல்ல மேலேறிச் சுவாமிமலையின் உச்சியில் கோணேசர் சந்நிதியிற் சென்று முடிகின்றது. திருஞானசம்பந்தர் பாடிய திருத்தலம். பழைய கோயிலை இடித்தவரும் போர்த்துக்கேயரே. இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963 இல். இடிந்தது எழ மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. இவ்வூர் 1942 ஆம் ஆண்டு சித்திரை 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுகளையும், பின்னர் நீண்ட உள்நாட்டுப் போரையும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்டது. பொறுமையைப் பற்றித் திருகோணமலைக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை.

இந்தச் சாய்வுப் பாதை நண்பருக்கு நல்ல பயிற்சிக்கூடமாயிற்று. கைத்தடியைச் சிகிச்சை பெற்ற காலின் பக்கத்திற் பிடிப்பதே முறையென்று பலர் எண்ணுவர், அது தவறு. எதிர்ப்பக்கத்துக் கையிற் பிடிக்க வேண்டும். அப்பொழுதுதான் இடுப்பின் சுமை குறையும். படியேறுகையில் நல்ல கால் முதலில்; இறங்குகையில் கைத்தடியும் சிகிச்சை பெற்ற காலும் முதலில். இவற்றை இயன்மருத்துவர் அவருக்குச் சிகிச்சைக்கு மறுநாளே, எழுந்து நின்ற அப்பொழுதே, கற்பித்திருந்தார். குருதி கட்டிக்கொள்ளாதிருக்க அவ்வளவு விரைவில் நடக்க வைப்பது வழக்கம்.

சந்நிதியை நெருங்கியதும் எதிர்பாராத ஒரு தடை. பாதணியைக் கழற்றக் குனிய வேண்டும். இடுப்பை மிக மடக்கிக் குனிதல் அவருக்கு இன்னும் ஆகாது. அவர் தடுமாறுவதைக் கண்ட பாதணிக் காவற் கிழவர் ஒருவர், ஒன்றும் கேளாமலே உயரமான முக்காலி ஒன்றை நகர்த்திவைத்து, தாமே குனிந்து வாரை அவிழ்த்துவிட்டார். "மெல்லப் போய் வாருங்கோ தம்பி, சுவாமி எங்கையும் போகமாட்டார்" என்றார். உள்ளே யாவரும் நிலத்தில் விழுந்து வணங்க, நண்பர் தூணருகே நின்று கைகூப்பினார். சம்மணமிட்டு அமரவும் குந்தியிருக்கவும் சிலகாலம் பொறுத்தேயாக வேண்டும். எம்மவர் வாழ்க்கையில் வழிபாடும் உணவும் உரையாடலும் தரையிலேயே நிகழ்வதால், மேனாட்டார் அறியாத இந்தத் துன்பம் எம்மவர்க்குரியது.

கடல் தாங்கும் சுமை

சுவாமிமலைப் பாறையின் அடியில் கிடக்கும் கடலினுள், பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் 1956 ஆம் ஆண்டு மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிக் கண்டனர். விஞ்ஞானப் புனைகதைகளால் உலகப் புகழ் பெற்ற கிளார்க் 1962 ஆம் ஆண்டு போலியோ நோயால் தாக்கப்பட்டார். அதன் பின்விளைவு முதுமையில் அவரைச் சக்கர நாற்காலிக்குக் கொண்டுவந்தது. ஆயினும் கால்கள் வலுக்குன்றிய பின்னும் மூழ்குதலை அவர் எளிதில் விடவில்லை. கரையிற் சுமையாகும் உடல் நீரினுள் சுமையாவதில்லை அன்றோ.

இதில் மாயம் ஏதுமில்லை. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடற்பாரத்தில் ஏறத்தாழ அரைப்பங்கையும், மார்பளவு நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையுமே சுமக்கின்றன. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை நிலாவெளிக் கடல் பெரும்பாலும் குளம்போல் அமைந்திருக்கும். பிற்பகலிற் கச்சான் காற்று வறண்டு வீசும். ஆதலால் காலையிலேயே நண்பர் மார்பளவு நீரில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நடந்தார். காயம் முற்றாக ஆறிவிட்டதென வைத்தியர் பார்த்துச் சொன்ன பின்னரே நீரில் இறங்கலாம் என்பதை மாணவர் மறவாதிருப்பாராக. தவளைபோற் கால்களை அகற்றி உதைக்கும் நீச்சல் அவருக்கு இன்னும் தடுக்கப்பட்டிருந்தது. ஈர மணலில் நடப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கரை ஒருபுறம் சரிந்திருப்பதால், போன தூரமே திரும்பியும் நடந்தாலன்றி ஓர் இடுப்பே சுமையைத் தாங்கும்.

அநுராதபுர வீதியில் உள்ள கன்னியாவுக்கும் சென்றோம். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் ஊன்றித் தோற்றுவித்ததாக ஐதிகம் கூறும் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒன்றினின்று ஒன்று வெப்பத்தில் வேறுபடுகின்றன. வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ள, இறுகிய தொடைத்தசை இளகி நண்பர் முகம் மலர்ந்தது. வெந்நீர் தசைக்கு இதமளிக்கும்; எலும்பை வளர்ப்பது காலமே.

பந்து வந்த வேளை

நாலாம் நாள் மாலை ஒல்லாந்தர் விரிகுடாக் கரையில் மக்கள் திரள் நிறைந்திருந்தது. கடலை விற்போரும் பட்டம் விடுவோருமாய் ஆரவாரம். திருகோணமலைச் சிறுவர்க்கு உதைபந்து உயிர். நண்பர் கைத்தடியை மணலிற் கிடத்திவிட்டு நின்றிருந்தார். அன்று முழுவதும் வலியே இல்லை என்று நூறுமுறை சொல்லியிருப்பார். அவ்வேளை ஒரு பந்து உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது.

"அங்கிள், அடிச்சு விடுங்கோ!" என்று சிறுவர் கூவினர்.

நண்பரின் வலக்கால் தானே பின்வாங்கிற்று. முப்பதாண்டுப் பழக்கம் அது. வலியின்மையே இச்சிகிச்சையின் பெரும் வரம். முதல் மாதங்களில் அதுவே பெரும் ஆபத்தும். கவசத்தின் கீழுள்ள எலும்பின் கழுத்து அப்பொழுதுதான் புதிய சுமைக்குப் பழகிவருகின்றது. அது முறியுமாயின் பெரும்பாலும் தொடக்க மாதங்களிலேயே முறிகின்றது. பின்னர் முழுமூட்டு மாற்றமே கதி. ஓடுதலையும் உதைத்தலையும் ஆறு மாதமோ ஓராண்டோ விலக்குமாறு வைத்தியர் கூறுவது இதனாலேயே.

நாம் வாய் திறக்குமுன் அவர் காலை நிலத்தில் ஊன்றினார். கைத்தடியை எடுத்து அதன் நுனியாற் பந்தை மெல்லத் தள்ளிவிட்டார். ஏமாந்த சிறுவன் ஒருவன் ஓடிவந்து, "உங்களுக்கு விளையாடத் தெரியாதோ?" என்று கேட்டான். நண்பர் சிறிது நேரம் கடலை நோக்கியிருந்தார். பிறகு, "இப்பதான் பழகுறன், தம்பி" என்றார். அவன் பந்தை வாங்கும் முறையைப் பார்த்து, பாதத்தைச் சற்று வெளிப்புறம் திருப்பி நிற்கும்படி சொல்லிக்கொடுத்தார். அரை மணி நேரத்தில் ஏழெட்டுச் சிறுவர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அன்றிரவு மீண்டும் மைதானம் கிட்டுமா என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை; அது ஒரு வகையில் கிட்டிவிட்டதை உணர்ந்திருந்தார் போலும்.

விளையாட்டில் ஈடுபடும் மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் எமது விண்ணப்பம் ஒன்றுண்டு. இடுப்பிலோ முழங்காலிலோ வலி தொடர்ந்தால் அதனை வீரத்தால் மறைக்க வேண்டாம். காலத்தில் வைத்தியரிடம் காட்டுங்கள். சிகிச்சை பெற்றவராயின் நாட்களை எண்ணி அவசரப்படாது, வைத்தியர் விதித்த படிகளில் ஒவ்வொன்றாக ஏறுங்கள். இடையில் மனம் சோருமாயின், கச்சான் ஓய்ந்த காலை வேளையொன்றில் கோணேசர் மலைப்பாதையில் மான்களோடு மெல்ல நடந்து பாருங்கள். அங்கே எவரும் உங்களை விரைந்து நடக்கச் சொல்லமாட்டார்கள்.