நேரே போகத் திரும்ப வேண்டும்

ஜித்தாவில் வீட்டு ட்ரைவராகப் போய் இறங்கிய இரண்டாம் நாள், மேடத்தின் மகளை ஸ்கூலில் விடச் சொன்னார்கள். வீட்டு ஒழுங்கையால் வெளியே வந்தால் பெரிய ரோடு. ஸ்கூல் அங்கால்பக்கம், நேர் எதிர் ஒழுங்கையில். கேற் தெரிகிறது. காவலாளி தேத்தண்ணி குடிப்பதும் தெரிகிறது. ஆனால் ரோட்டு நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கட்டு. அங்கே வாகனம் வலப்பக்கத்தால் ஓடும் என்பதால், ஒழுங்கையால் வந்தவன் வலப்பக்கம் மட்டும்தான் திரும்பலாம். திரும்பினேன். ஸ்கூல் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனது.

பின்சீட்டில் இருந்த ஒன்பது வயசுப் பிள்ளை "யூ டேர்ன், யூ டேர்ன்" என்று கையைக் காட்டியது. நான் விளங்கி லேன் மாறுவதற்குள் திறப்பு தாண்டிவிட்டது. அடுத்த திறப்புக்கு இன்னும் ரெண்டு கிலோமீற்றர். கடைசியில் அந்தக் கேற்றுக்கு வந்து சேரும்போது மீற்றரில் ஆறு கிலோமீற்றர் கூடியிருந்தது. நடந்து போயிருந்தால் ரெண்டு நிமிஷம்.

மூன்று வருஷம் அந்த ரோடுகளில் ஓடினேன். பழகிய பிறகு கோபம் போய், ஒரு மரியாதையே வந்தது. அங்கே பல சந்திகளில் கலர் லைட்டே கிடையாது. சந்தியை மூடிவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு யூ டேர்ன் விட்டிருப்பார்கள். இடம்வலம் மட்டுமல்ல, குறுக்கு ரோட்டால் வந்து அதே ரோட்டில் நேரே போக வேண்டியவனும் வலப்பக்கம் திரும்பி, ஓடி, யூ டேர்ன் அடித்து, திரும்பி வந்து, மறுபடியும் வலப்பக்கம் திரும்பித்தான் தன் ரோட்டைப் பிடிக்க வேண்டும். நேரே போக மூன்று தரம் திரும்ப வேண்டும்!

இது யாருடைய மூளை என்று பிறகு தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1960களிலேயே டெட்ராய்ட் பக்கத்துப் பெரிய ரோடுகளில் இதைத் தொடங்கிவிட்டது. அதற்குப் பேரே 'மிச்சிகன் லெஃப்ட்'. கணக்கு எளிமையானது. சாதாரண நாற்சந்தி ஒன்றில் வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டுகிற, சேருகிற, பிரிகிற இடங்கள் 32. சந்திக்குள் குறுக்கே திரும்புவதைத் தடுத்து அதை யூ டேர்னுக்கு அனுப்பினால் அது 16 ஆகிவிடும். போகாமல் போவது பெரும்பாலும் பக்கவாட்டில் வந்து இடிக்கிற, ஆளைக் கொல்லுகிற இடங்கள். இதன் தம்பி முறையான இன்னொரு அமைப்பில், குறுக்கு ரோட்டுக்காரர் நேரே போகவே யூ டேர்ன் அடிக்க வேண்டும். கலர் லைட் இல்லாத சந்திகளை அப்படி மாற்றினால் உயிரும் காயமும் எடுக்கிற விபத்துகள் 54 சதவீதம் குறையும் என்று அந்நாட்டு மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது. பாதி விபத்து! இதைப் படித்துவிட்டு, "சுத்திப் போறது பைத்தியக்காரத்தனம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிட்டத்தில் கோயம்புத்தூரிலும் இதைச் செய்திருக்கிறார்கள். லாலி ரோடு சந்தி போல பல இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு யூ டேர்ன் விட்டார்கள். வாகனம் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், சிவப்பு லைட் எரிகிற அந்த ஒரு நிமிஷம்தான் நடந்து போகிறவருக்கு ரோடு. வாகனம் எங்கேயும் நிற்காவிட்டால் அவர் எப்போது இறங்குவார்?

இனி எங்கட பக்கம்.

ஏ4 வீதி கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, வெல்லவாய, மொணராகலை என்று வந்து, பொத்துவிலில் கடலைக் கண்டதும் வடக்கே திரும்பி, அக்கரைப்பற்று, கல்முனை தாண்டி மட்டக்களப்பில் முடிகிறது. சுமார் 430 கிலோமீற்றர். (அந்த வீதியே ஒரு பெரிய வளைவுதான். கல்முனையிலிருந்து கொழும்புக்கு அதை முழுசாகப் பிடித்துப் போன ஒருவரையும் நான் கண்டதில்லை.) ஆனால் எங்களுக்கு அது கொழும்புக்குப் போகிற வீதி இல்லை, ஊரை ரெண்டாக வெட்டுகிற வீதி. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஏ4. நிந்தவூரோ, சாய்ந்தமருதோ, அட்டாளைச்சேனையோ, எந்த ஊரை எடுத்தாலும் இதே படம்தான். மீன் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், நெல் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரும். 2004 சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமம் போல வயல்பக்கம் புதுக் குடியிருப்புகள் வந்தன. வீடு அங்கே, பழைய பள்ளியும் சொந்தக்காரரும் கடல்பக்கம். அப்போதிருந்து குறுக்கே போகிற கால்கள் இன்னும் கூடிவிட்டன.

அந்த வீதியில் ஒரு துண்டுக்கு நடுக்கட்டு போட்டிருக்கிறார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கட வீடு கடல்பக்கம். ஒழுங்கையால் வீதிக்கு ஏறினால் வாகனமெல்லாம் அக்கரைப்பற்றுப் பக்கம் போகிற பாதி. கல்முனைக்குப் போக வேண்டியவன் இடப்பக்கம் திரும்பி, தெற்கே 700 மீற்றர் போய், திறப்பில் திரும்பி, அதே 700 மீற்றர் வர வேண்டும். இல்லாவிட்டால், எதிர்ப்பக்கமாக ஓரத்தால் 300 மீற்றர் ஓடினால் நடுக்கட்டு முடிந்துவிடும்.

என்ட தம்பி மருதமுனைக் கைத்தறிச் சாரன்களை எடுத்துக் கடைகடையாகப் போடுகிறவன். 2022 ஆகஸ்டில் பெற்றோலுக்கு கியூஆர் கோட் வந்த நேரம், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். லீற்றர் 450 ரூபாய். அவன் எதிர்ப்பக்கமாகத்தான் ஓடினான். அவன் மட்டுமா, எல்லாரும் அப்படித்தான்.

ஒரு நாள் அசருக்குப் பிறகு, நெல் ஏற்றிய உழவு மெசின் ஒன்று மெதுவாக வந்திருக்கிறது. அதை ஓரத்தால் முந்தி வந்த ஏ/எல் படிக்கிற பொடியனுக்கு முன்னால் எங்கட தம்பி. அந்தப் பொடியனுக்குத் தோள் எலும்பு. தம்பிக்கு வலது காலில் கம்பி, மூன்று ஆணி. ரெண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

ஜித்தாவிலிருந்து கோல் எடுத்து ஏசினேன்.

"உனக்கு அறிவில்லையாடா? ஒரு யூ டேர்ன் அடிக்க என்ன?"

தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "காக்கா, நீங்க அடிக்கிற யூ டேர்னுக்கு கபீல்தானே பெற்றோல் அடிக்காரு" என்றான்.

அன்றிரவு நான் கணக்குப் பார்த்தேன். ஒரு தரம் சுத்தினால் 1,400 மீற்றர் கூட. நாளைக்கு நாலு தரம் போனால் 5.6 கிலோமீற்றர். ஆறு நாளில் 33.6. அவன்ட பைக் லீற்றருக்கு 45 ஓடும். அப்படியென்றால் கிழமைக்கு முக்கால் லீற்றர். 4 லீற்றரில் முக்கால் லீற்றர் என்பது கிட்டத்தட்ட ஐந்திலொன்று, அவனுக்கு ஒரு நாள் வியாபாரம்.

அவன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அந்த ஏ/எல் பொடியன்ட உம்மாவுக்கு முன்னால் போய் இந்தக் கணக்கைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் மிச்சிகன்காரன் ரோட்டு நடுவில் அகலமாகப் புல் வளர்க்க இடம் விட்டு, லொறியும் ஒரே வெட்டில் திரும்புகிற மாதிரி இதைக் கட்டினான். எங்கட திறப்பில் பெட்டி பூட்டிய உழவு மெசின் திரும்பினால் ரெண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். அவன் காருக்குக் கணக்குப் போட்டான். இங்கே பாதிப்பேர் சைக்கிள், மற்றவர்கள் நடை. காருக்கு 700 மீற்றர் ஒரு பாட்டின் பாதி. புல்லுக்கட்டோடு சைக்கிள் மிதிக்கிற ஒருவருக்கு அது வேறு கணக்கு. யூ டேர்ன் வைப்பதென்றால் அதைக் கிட்டக்கிட்ட வைக்க வேண்டும், திறப்பில் திரும்பி நிற்க இடம் விட வேண்டும், நடக்கிறவர்களுக்குக் கட்டை நடுவில் வெட்டி மஞ்சள் கோடு போட வேண்டும். மூன்றும் இல்லாமல் கட்டை மட்டும் போட்டால், அந்த 32 இடங்களும் எங்கேயும் போகாது. எதிர்ப்பக்க ஓரத்துக்கு இடம் மாறி வரும்.

போன வருஷம் ஊருக்கு வந்துவிட்டேன். தம்பி இப்போது சுத்தித்தான் போகிறான், கால் மடக்க முடியாததால் மெதுவாக. நானும் பின்னால் ஏறிப் போவதுண்டு. போன கிழமை நாங்கள் திறப்பில் திரும்பி வந்துகொண்டிருக்கும்போது, வீட்டுக்கு நேரே வீதி நடுவில் யாரோ நிற்பது தெரிந்தது. கிட்ட வந்தால் உம்மா. வயல்பக்கம் ராத்தா வீட்டுக்குக் குறுக்கே போகப் புறப்பட்டு, பாதியில் மாட்டிக்கொண்டு, அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நடுக்கட்டில் ஏறி நிற்கிறா. மற்றக் கையில் மீன் பேக்.

தம்பி பிரேக் பிடித்தான். உம்மா எங்களைக் கண்டுவிட்டு, "நிக்காதீங்க மனே, பின்னால பஸ் வருது, போங்க" என்றா.