வாத்தியாரோட ஹெரால்டும் ஆயில் விளக்கும்

எங்க ஊர் வாத்தியார் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிக்குது. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திக்கிட்டுப் போற வண்டிக்காரங்க கூட அந்த வீட்டு முன்னாடி வேகத்தைக் குறைச்சு ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் போவாங்க. வாத்தியார் அதை 1981ல் செகண்ட் ஹேண்டா வாங்கினார். அப்போ எங்க ஊருக்கு பஸ் காலையில் ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. ராத்திரியில் பாம்புக் கடி, பிரசவ வலி எதுவா இருந்தாலும் வாத்தியார் வீட்டுக் கதவைத்தான் தட்டணும். என் பெரிய பொண்ணு பொறந்த ராத்திரியும் அப்படித்தான். அதனால அந்த வண்டிக்கு ஒண்ணுன்னா எனக்கும் மனசு கேக்காது.

போன தை மாசம் ஆயில் விளக்கு எரிய ஆரம்பிச்சுது. காலையில் ஸ்டார்ட் பண்ணினா அணைஞ்சிடும். பத்து கிலோமீட்டர் ஓடி, இஞ்சின் சூடாகி, ரயில்வே கேட்டில் நிறுத்தினா மினுக்மினுக்குன்னு எரியும். டவுனில் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினார். பானட்டைக் கூடத் திறக்காம, "இஞ்சின இறக்கணும், கிராங்க் கிரைண்டிங், போர், எல்லாம் சேர்த்து தொண்ணூறாயிரம்"னு சொல்லிட்டாங்க. பெங்களூரில் இருக்கிற பசங்க ரெண்டு பேரும் வித்துடலாம்னு ஒரே பிடியா நின்னாங்க. வாங்கறதுக்கு ஆளும் தயாரா இருந்தார். வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "கழட்டுறதுக்கு முன்னாடி நீ ஒருதரம் பாருப்பா"ன்னார்.

நான் மெக்கானிக் இல்லை. அஞ்சு எச்.பி. ஆயில் இஞ்சினில் கிணத்துத் தண்ணி இறைச்ச காலத்துல இருந்து இஞ்சின் பழக்கம். இருபது வருஷமா மாஸ்ஸி டிராக்டர் வெச்சிருக்கேன். அது போதும்னு வாத்தியார் நினைச்சார்.

இந்த வண்டியைப் பத்தி டவுன்காரங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டுன்னு 1959ல் வந்தது. வடிவம் கொடுத்தவர் மிக்கெலோட்டிங்கிற இத்தாலிக்காரர். இங்கே மெட்ராஸில், வண்டலூர் பக்கத்து ஃபேக்டரியில் 1961ல் இருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு செஞ்சாங்க. அங்கே ரெண்டு கதவுதான். நாலு கதவு வெச்சது நம்ம ஊர் வேலை. இதே ஹெரால்டோட சேஸிஸை நீளம் குறைச்சு, இதே குடும்பத்து இஞ்சினைக் கொஞ்சம் பெரிசாக்கி, ரெண்டு கார்புரேட்டர் போட்டு அவங்க 1962ல் விட்டதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாத்தோடயும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமா முன்னாடி சாயுமே, அது ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. அதே ஸ்டாண்டர்டு கம்பெனி கோவென்ட்ரியில் செஞ்ச ஒரு இஞ்சின் வகை, ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியிருக்கு, டி.ஆர். 2ங்கிற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியிருக்கு. என் மாஸ்ஸிக்கு அந்த ஃபெர்குசன் பங்காளி முறை. ஏர் ஓட்டுறவனும் கார் ரேஸ் ஓட்டுறவனும் ஒரே இஞ்சினைத் திட்டியிருக்காங்க.

சரி, ஆயில் பிரஷருக்கு வரேன். டிரிப் போட்ட கொல்லையைப் பார்த்தவங்களுக்கு இது சுலபமா புரியும். மோட்டார் நல்லாத்தான் ஓடுது, ஆனா கடைசி லைனில் தண்ணி சொட்டலைன்னா மோட்டாரையா மாத்துவோம்? ட்யூப் எங்கே விட்டிருக்கு, எலி எங்கே கடிச்சிருக்குன்னு லைனோடு நடப்போம். பம்ப் தண்ணியைத் தள்ளத்தான் செய்யும். போற வழி இறுக்கமா இருந்தாத்தான் பிரஷர் நிக்கும். இஞ்சினிலும் அப்படித்தான். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை லேத்துக்காரங்க தௌ கணக்கில் சொல்வாங்க. ஒரு தௌன்னா அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சதில் ஒண்ணு. ரெண்டு தௌ இருக்க வேண்டிய இடம் நாலு ஆச்சுன்னா ஆயில் அது வழியா ஓடிப்போயிடும். ஆயிலே தண்ணியா இருந்தாலும் அதே கதைதான்.

முதல்ல விளக்கை நம்பறதை விட்டோம். விளக்கு எரியுது, அணையுதுங்கிறதைத் தவிர அது வேற ஒண்ணும் சொல்லாது. அந்த சுவிட்சே கெட்டிருந்தாலும் எரியும். அதைக் கழட்டிட்டு, அதே துளையில் அடாப்டர் போட்டு ஒரு முள் மீட்டரை மாட்டினேன். டயருக்குக் காத்து அடிக்கும்போது சொல்ற அதே பாயிண்ட் கணக்குதான். காலையில் நாப்பத்தஞ்சு காட்டுச்சு. மாரண்டஹள்ளி வரைக்கும் போய்ட்டு வந்து பார்த்தா ஓட்டத்தில் இருபத்திரண்டு, நின்னா அஞ்சு. இந்த இஞ்சின் சூடா, நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்து ஓடும்போது நாப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல காட்டணும். விளக்கு பொய் சொல்லலை.

அப்புறம் டிப் ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே நின்னுது. "ஆயில் குறையவே இல்லப்பா, மூணு மாசமா ஊத்தவே இல்லை"ன்னு வாத்தியார் சந்தோஷமா சொன்னார். அறுபது வருஷ இஞ்சின் ஆயிலே குடிக்காம இருக்குமா? விரல்ல தொட்டு மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசம்.

இந்த வண்டியில் ஏ.சி. பம்ப் இஞ்சின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். உள்ளே ரப்பர் துணி மாதிரி ஒரு டயாபிராம் மேலும் கீழும் அசைஞ்சு பெட்ரோலை கார்புரேட்டருக்கு அனுப்பும். அது கிழிஞ்சா பெட்ரோல் நேரா ஆயில் சேம்பருக்குள்ள இறங்கும். ஆயில் அளவு ஏறும், ஆனா மோர் மாதிரி நீர்த்துப் போகும். பிரஷர் இறங்கறது ஒரு பக்கம், தீ பிடிக்கிற ஆபத்து இன்னொரு பக்கம். அதுக்கப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ண விடலை. டயாபிராம் கிட் வாங்கி மாத்தி, ஆயிலை வடிச்சு, ஃபில்டரை மாத்தி, 20W-50 ஊத்தினோம். ஓட்டத்தில் முப்பத்தி நாலு, நின்னா பதினொண்ணு. ரிலீஃப் வால்வையும் திறந்து பார்த்தேன், அழுக்கில்லை, ஸ்பிரிங்கும் சரியா இருந்தது.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. சில பேர் அந்த ஸ்பிரிங்குக்குப் பின்னாடி ஒரு வாஷரைச் சொருகி, "பிரஷர் ஏத்திட்டேன்"ம்பாங்க. குளிர்ந்த இஞ்சினில் முள் நல்லா ஏறும். சூடாகி நிக்கும்போது அந்த வால்வு எப்பவோ மூடித்தான் இருக்கும், வாஷர் அங்கே என்ன செய்யும்? இன்னும் சில பேர் தேன் மாதிரி கெட்டி மருந்தை ஊத்தி வித்துட்டுப் போயிடுவாங்க. பழைய வண்டி வாங்கப் போறவங்க இஞ்சின் நல்லா சூடான பிறகு மீட்டரைப் பாருங்க.

பாதி சரியாச்சு. மிச்சப் பாதி எங்கேன்னு எனக்குத் தெரிஞ்சுது. நீர்த்த ஆயிலில் மூணு மாசம் ஓடின பேரிங் சும்மா இருக்காது. வாத்தியார் பென்ஷனில் தொண்ணூறாயிரம் எடுக்க முடியாது. ஆனா இந்த இஞ்சினை இறக்காமலே சேம்பரைக் கழட்டலாம். வண்டியைக் கட்டைமேல ஏத்தி, கீழே சாக்கு விரிச்சுப் படுத்தேன். என் பையன் லைட் பிடிச்சான். வாத்தியார் பாத்திரத்தில் போல்ட்டை ஒவ்வொண்ணா எண்ணிப் போட்டார், பரீட்சைப் பேப்பர் எண்ணுற மாதிரி.

நாலு கனெக்டிங் ராடு மூடிக்கும் முதல்லயே நம்பர் குத்திட்டேன். ஒண்ணு இன்னொண்ணோட மாறினா இஞ்சின் போச்சு. பேரிங்கை எடுத்துப் பார்த்தா மேல் பூச்சு தேய்ஞ்சு செம்பு தெரிஞ்சுது. கிராங்க் நல்ல வேளையா கோடு விழாம வழவழன்னு இருந்தது. லேத்துக்காரர் ஒருத்தரை வீட்டுக்கே கூட்டிட்டு வந்து மைக்ரோமீட்டரில் அளந்தோம். கிரைண்டிங் வேண்டாம், அதே அளவுப் புதுப் பேரிங் போதும்னார். வாத்தியாரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்பக்கப் புல்லி முன்ன பின்ன நகருதான்னும் பார்த்தேன். த்ரஸ்ட் வாஷர் தேய்ஞ்சிருந்தா நகரும். இதுல அசையலை.

பேரிங்குக்கு எங்கே போறது? மெட்ராஸ் ஃபேக்டரி மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு. வாத்தியார்கிட்ட எட்டாவது படிச்ச ஒரு பையன் இங்கிலாந்தில் வேலையில் இருக்கான். இஞ்ச் கணக்கில் அளவை எழுதி அனுப்பினோம். ஸ்பிட்ஃபயர் மேல அந்த ஊர்க்காரங்களுக்கு இன்னும் ஆசை விடலையாம், பாகமெல்லாம் புதுசாவே செய்யறாங்களாம். அளவு பொருந்துற செட்டை வாங்கி அனுப்பினான். கஸ்டம்ஸ் வரி போட்டு வந்து சேர மூணு வாரம் ஆச்சு. அதுக்குள்ள என் ராகி அறுப்பும் முடிஞ்சுது.

எல்லாம் சேர்த்து பதினாலாயிரத்துச் சொச்சம். மாட்டி முடிச்சதும் பிளக்கைக் கழட்டிட்டு, மீட்டர் முள் எழும்புற வரைக்கும் செல்ஃப் அடிச்சு ஆயிலை ஏத்தினோம். அதுக்கப்புறம்தான் ஸ்டார்ட். மாரண்டஹள்ளி போய் வந்தோம். ஓட்டத்தில் நாப்பத்தெட்டு, நின்னா இருபது. வாத்தியார் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இருபதுன்னா பாஸா, ஃபெயிலா?"ன்னு கேட்டாங்க.

பசங்க இன்னும் விக்கணும்னுதான் சொல்றாங்க. வண்டி அவங்க அப்பாவோடது, அதுல நான் பேசறதுக்கு இல்லை. பின்பக்கத்துல ஆயில் இன்னும் சொட்டுது. இந்த வண்டிங்களுக்கு அது கூடப் பொறந்தது, அதுக்காக இஞ்சினை இறக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். கீழே ஒரு தகரத்தட்டு வெச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை காலையில் வாத்தியார் டிப் ஸ்டிக்கை உருவி, முதல்ல மோந்து பார்க்கிறார், அப்புறம்தான் கோட்டைப் பார்க்கிறார்.