பேணுவார்க்கு ஓய்வு

முதியோரைப் பேணுதல் பற்றிக் கல்லூரி மேடைகளில் பேச்சுக்குக் குறைவில்லை. அவரைப் பேணுவார் எப்பொழுது உறங்குவர் என வினவியவரை யாம் இதுகாறும் கண்டிலோம்.

சேரன்மாதேவிக்கு அணித்தான எம் சிற்றூரில் எம் ஆச்சி பக்கவாதத்தால் படுக்கையுற்று நான்கு ஆண்டுகள் ஆயின. பேணுபவர் எம் அத்தை. இரண்டு மணிக்கொருமுறை உடலைப் புரட்டிப் படுக்கவையாவிடின் முதுகில் புண் காணும். ஆதலின் அத்தைக்கு இரவென்பது துண்டு துண்டாய் நறுக்கிய பொருளே. பகலில் கஞ்சி புகட்டல், துணி மாற்றல், இடையிடையே பீடித்தட்டை மடியிலேற்றிப் பீடி சுற்றல். தாமிரபரணி இரண்டு தெரு தள்ளி ஓடுகின்றது; ஆற்றுக்குக் குளிக்கப்போய் எத்தனை நாளாயிற்று என்பது அவர்க்கே நினைவில்லை. உடன்பிறந்தார் வெளியூரிலிருந்து பணமும் அறிவுரையும் அனுப்புவர். அறிவுரை தவறாது வரும்.

பக்கத்து ஊரில் ஓர் இல்லத்தார் ஆண்டிற்குப் பதினைந்து நாள் ஆச்சியை ஏற்றுப் பார்த்துக்கொண்டனர். அந்நாள்களில் அத்தை பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை, உறங்கினார். பல்வலிக்கு மருத்துவரைக் கண்டார். ஒரு ஞாயிறன்று ஆராதனை முடியும்வரை கோயிலில் அமர்ந்திருந்தார். சென்ற ஆண்டு நன்கொடை சுருங்கியதால், நிலையாகத் தங்குவார்க்கன்றி இடமில்லை என்றுவிட்டனர். செலவைக் குறைப்பார் முதலிற் கைவைப்பது இத்தகைய இடத்திலேதான். நோயாளிக்குப் படுக்கை இல்லையெனிற் கூச்சல் எழும். பேணுவார்க்கு உறக்கம் இல்லையெனின் யார் கேட்பார்?

அரசு இதனை அறியாததன்று. 1999-ஆம் ஆண்டின் முதியோர் தேசியக் கொள்கை, குடும்பத்தார் சற்றே இளைப்பாறும்பொருட்டு முதியோர் குறுகிய காலம் தங்கும் இடங்களை ஆதரிப்பதாக உரைத்தது. 2007-இல் எழுந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ, கைவிட்டாரை மூன்று திங்கள்வரை சிறையிடும். வறிய முதியோர்க்கென 150 பேரேனும் தங்கும் இல்லத்தை மாவட்டந்தோறும் அமைக்கலாம் என்னும். கைவிடாது காப்பாரின் ஓய்வைப் பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை. வீட்டைவிட்டு வெளியேறிய முதியவர்க்கு இல்லம் உண்டு. வீட்டிலேயே வைத்துக் காப்பார்க்கு ஒன்றுமில்லை என்பதன்றோ இதன் பொருள்? 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியே செவிலியர் வீடு தேடி வருதல் பெருநன்மையே. புண்ணைத் துடைத்து மருந்திட்டுச் செல்வர். அவர் சென்றபின் இரவு வரும். தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இரவுத் துணைக்குக் கூலியாள் வைத்தால் அது சில நாளைக்கே காணும்.

எம் வகுப்பில் இதுபற்றிப் பேசியபொழுது, தம் வீட்டிலும் இத்தகைய கட்டிலொன்று உண்டென்றோர் பலர்; இத்தனை பேர் என யாம் எதிர்பார்த்திலோம். அருகிருந்து பேணுபவர் பெரும்பாலும் தாயே.

யாம் வேண்டுவது பெரிய கட்டடமன்று. அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் இரண்டிரண்டு படுக்கைகள்; குடும்பமொன்றிற்கு ஆண்டில் பதினான்கு நாள்; முறைப்படி பெயர் பதிய ஓர் ஏடு. இவ்வாறு வேண்டி மாவட்ட ஆட்சியர்க்கு விண்ணப்பம் ஒன்று வரைந்துள்ளோம். கையெழுத்திட விழையும் தோழர் கோடை விடுமுறைக்கு முன்னர்த் தமிழ்ச்சங்க அறையில் எம்மைக் காண்க.