துண்டுக்கு வெயில் காய வேண்டுமா?

உல்லாசக் கப்பலில் போகப்போகிறீர்களா? கடல் தாராளமாகக் கிடைக்கும். நீச்சல்குளத்தை ஒட்டி ஒரு சாய்வு நாற்காலி கிடைப்பதுதான் கஷ்டம்.

துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் பிரச்னை இல்லை. பலரும் ஊர் சுற்றப் போய்விடுவார்கள். நடுக்கடலில் போகும் நாளில்தான் வம்பு. 2024-ல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி ஸீஸ்' நிரம்பினால் 7,600 பயணிகள். ஆளுக்கொரு நாற்காலி நடக்கிற காரியமா?

அதனால் விடிந்ததுமே சிலர் துண்டு, செருப்பு, பிரிக்காத நாவல் என்று குடும்பத்துக்கே இடம் போட்டுவிட்டு ஆம்லெட் சாப்பிடப் போய்விடுகிறார்கள். பத்து மணிக்குப் பேத்தி கையைப் பிடித்து மெல்ல வரும் பாட்டி நிற்கிறார், செருப்பு படுத்திருக்கிறது.

கார்னிவல் கம்பெனி 2013-ல் ஒரு வழி செய்தது. ஆளில்லாத நாற்காலியில் ஊழியர் நேரம் குறித்து ஸ்டிக்கர் ஒட்டுவார். 40 நிமிஷத்தில் ஆள் வராவிட்டால் சாமான்களை எடுத்துவிடுவார்கள். நல்ல சட்டம்தான். ஆனால், டிப்ஸ் தரப்போகிறவரைப் பகைத்துக்கொள்ள எந்த ஊழியருக்கு மனசு வரும்?

அதனால் நாமே பார்த்து நடந்துகொள்ள வேண்டியதுதான். குளத்தில் ஒரு முழுக்கு, பாத்ரூம், ஒரு ஜூஸ்... இதற்கெல்லாம் துண்டு காவல் இருக்கலாம், தப்பில்லை. சாப்பாடு, சினிமா, மதியத் தூக்கம் என்றால் துண்டையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அடுத்தவர் துண்டை நீங்களே தூக்கிப் போடாதீர்கள், ஊழியரைக் கூப்பிடுங்கள். கிளம்பும்போது பக்கத்தில் யாராவது நின்றால், 'நான் போறேன், நீங்க உட்காருங்க' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

டிக்கெட் வாங்கியது பாட்டியும்தான். செருப்பு வாங்கவில்லை.