தாத்தா வண்டியின் சத்தம்

பொள்ளாச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மிணிக்கு,

சித்தப்பா எழுதுவது.  

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, தாத்தாவின் அம்பாசடர் போடுகிற சத்தத்தை ஏழெட்டுத் தடவை கேட்டேன். செல்போனில் வருவது பாதிச் சத்தம்தான். மேலே கேட்கிற கீச்சுக்குரல் தெளிவாக விழுகிறது. அடியில் கனமாக ஒரு 'தட்' இருந்தால் அதை அந்தச் சின்ன மைக் வாங்குவதே இல்லை. எனக்குத் தெரிய வேண்டியதோ அந்தத் 'தட்' இருக்கிறதா இல்லையா என்பது! அப்புறம் போனில் வாயாலேயே செய்து காட்டினாய் பார், அதுதான் உபயோகப்பட்டது. "டிக் டிக் இல்ல சித்தப்பா, சிக் சிக்" என்று திருத்தினாய். மெக்கானிக்கிடமும் இப்படித்தான் சொல்ல வேண்டும். 'ஏதோ சத்தம் வருது' என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், அவர்கள் இஷ்டத்துக்கு ஏதாவது கழற்றுவார்கள்.

போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய் என்றுதான் கடிதம். படித்துவிட்டு வண்டியின் டேஷ்போர்டு பெட்டியிலேயே போட்டு வை.

நீ போன ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்ததும் "பிக் எண்ட் போயிருச்சு, என்ஜின் இறக்கணும்" என்றார்களாம். பிக் எண்ட் என்றால் கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கிற இடத்து பேரிங். ஒருவேளை அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் காலையில் குளிர்ந்த என்ஜினை அவர்கள் கேட்கவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். காரணம், நான் ஒருமுறை ஏற்றுக் கெட்டவன்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. என்னுடைய பழைய அம்பாசடரில் முன்பக்கமிருந்து 'டொக் டொக்' வந்தது. ஐடிலில் நன்றாகக் கேட்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் அமுங்கிவிடும். பார்த்த மெக்கானிக் பிக் எண்ட் என்றார். இறக்கினோம். கிராங்கை கிரைண்டிங் கொடுத்து, பேரிங் புதிதாகப் போட்டு, இறக்கியதுதான் இறக்கினோம் என்று ரீபோர் பண்ணி பிஸ்டனையும் மாற்றினோம். மூன்று வாரம் ஆனது. பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் அதே டொக் டொக். அப்போதுதான் உன் தாத்தா வந்தார். ஒரு ஸ்பேனரை எடுத்து, டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, ஃபேன் பெல்ட்டை உருவிக் கீழே போட்டுவிட்டு "இப்பப் போடு" என்றார். போட்டேன். டொக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. டைனமோ புல்லியின் கீ தேய்ந்துபோய், புல்லி அதன் ஷாஃப்ட்டில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கீயின் விலை ஒரு டீ, ஒரு வடைக்குள் அடங்கும். தாத்தா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகவே பெல்ட்டிலிருந்து ஆரம்பி. ஃபேன், வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். அதைக் கழற்றிவிட்டு என்ஜினை ஓட விட்டுச் சத்தம் நின்றால், கோளாறு வெளியே இருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் லைட் சிவப்பாக எரியும், பயப்படாதே. ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட விடாதே. தண்ணீர் சுற்றாது, சூடேறிவிடும்.

உள்ளேதான் சத்தம் என்றால் அடுத்த சந்தேகம் டேப்பெட். உன் வண்டி 1489 சி.சி. பெட்ரோல். இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டில் ஓடிய என்ஜினின் வழிவந்தது. எம்.ஜி.ஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் முதலில் 1489 சி.சி.தான். தாத்தா இதைச் சொல்லி மீசையைத் தடவிக்கொள்வார். கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது. அங்கிருந்து நீளமான புஷ் ராடுகள் மேலே போய் ராக்கரைத் தூக்க, ராக்கர் வால்வை அழுத்தும். நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளிதான் தையல் மெஷின் மாதிரி 'டிக் டிக்' என்று பேசுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான். அதனால் டேப்பெட் சத்தம் என்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில்தான் வரும். கொஞ்ச நாள் கேட்டுப் பழகினால் காது இதைத் தானாகப் பிரித்துவிடும்.

சரிபார்ப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மேலே டேப்பெட் கவரில் இரண்டே நட்டு. திறந்தால் எட்டு வால்வும் வரிசையாக நிற்கும். ஒன்பதாம் கணக்கு என்று தாத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்ததை உனக்குச் சொல்கிறேன்: எட்டாவது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது ஒன்றாவதைப் பார், ஏழாவது அமுங்கினால் இரண்டாவதைப் பார். எப்போதும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். ஃபீலர் கேஜில் 15 என்று போட்ட தகடு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பதினைந்து பங்கு, சுமார் 0.38 மில்லிமீட்டர். மூடிய நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை உருவினால் கையில் ஒரு பிடிப்புத் தெரியுமே, அந்தப் பிடிப்போடு தகடு நகர வேண்டும்.

சத்தமே வேண்டாம் என்று சிலர் அதை இறுக்கி வைப்பார்கள். அது பெரிய தப்பு. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். அந்தக் காலத்து ஹெட்டில் வால்வு உட்காருகிற சீட்டுக்கு ஈயம்தான் மெத்தையாக இருந்தது. இப்போது சீட் தேயத் தேய வால்வு உள்வாங்கி, இடைவெளி தானாகவே குறையும். சத்தமும் அடங்கிக்கொண்டே வரும். ஒருநாள் வால்வு முழுக்க மூடாமல் கருகிப்போகும். டேப்பெட் பேசினால் பேசட்டும் என்று விடு. பேச்சு நின்றால் கவரைத் திற.

இனி, அவர்கள் சொன்ன பிக் எண்ட். அந்தச் சத்தம் வேறு ஜாதி. மரப் பெட்டிக்குள்ளிருந்து யாரோ சுத்தியால் தட்டுகிற மாதிரி கனமாக இருக்கும். ஐடிலில் அவ்வளவாகத் தெரியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது காலை லேசாக எடுத்து மறுபடி வை. அந்த மாறுகிற நொடியில் 'தடதட' என்று விழும். எந்த சிலிண்டரில் கோளாறோ அதன் பிளக்கை வேலை செய்யாமல் நிறுத்தினால் தட்டு குறையும். என்ஜினை நிறுத்திவிட்டு ஒயரைக் கழற்றி, பாடியில் தொடும்படி கட்டிவிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணு. ஓடும்போது பிடுங்கினால் ஷாக் அடிக்கும். கூடவே சூடான பின் ஐடிலில் ஆயில் லைட் மினுக்கினால் சந்தேகமே வேண்டாம், அங்கேயே நிறுத்திவிட்டு டோ பண்ண ஆள் கூப்பிடு. உடுமலையிலிருந்து ஒரு ராத்திரி 'வீடுதானே, போய்ச் சேர்ந்துடலாம்' என்று ஓட்டி வந்தவன் நான். கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

வால்பாறை ஏறும்போது வருகிற சத்தம் தனி. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. நாலு பேரை ஏற்றிக்கொண்டு டாப் கியரில் மிதித்தால் உண்டியலைக் குலுக்கின மாதிரி 'கிலுகிலு' என்று கேட்கும். கியரைக் குறைத்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளச் சொல். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

உன் சத்தத்துக்கு வருகிறேன். காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் சிக் சிக், மிதித்தால் அதிகம், பத்து நிமிடம் ஓடினால் ஏறக்குறைய காணோம். இதுதானே நீ சொன்னது? பிக் எண்ட் சூடானால் குறையாது. சூடாகி ஆயில் இளகினால் இன்னும் மோசமாகத்தான் ஆகும். எனக்கென்னவோ எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு கேஸ்கெட் வழியாகக் காற்று கசிகிறது என்றுதான் படுகிறது. இரும்பு சூடாகி விரிந்ததும் சந்து அடைபடுகிறது. பிஸ்டன் தேய்ந்து சிலிண்டர் சுவரில் அறைந்தாலும் குளிரில் கேட்டுச் சூட்டில் மறையும், ஆனால் அது 'சிக்' என்று வராது, 'டக்' என்று வரும். அப்படியே இருந்தாலும் உடனே இறக்க வேண்டிய அவசியமில்லை, பல வருஷம் ஓட்டலாம்.

தெரிந்துகொள்ள ஒரு மீட்டர் ரப்பர் டியூப் வாங்கு. ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை கார்பரேட்டர் இருக்கிற பக்கம் மானிஃபோல்டு ஹெட்டில் சேருகிற இடம் நெடுக, ஒட்டாமல் நகர்த்து. கசிகிற இடத்தில் காதுக்குள் ஊதின மாதிரி இருக்கும். இரும்பில் தட்டுகிற சத்தத்துக்குத்தான் நீள ஸ்க்ரூ டிரைவர். அதன் நுனியை அங்கே ஊன்றிப் பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்பார்கள். இன்னொன்று, யாரையாவது மடித்த கனமான துணியால் சைலன்சர் வாயை இரண்டு நொடி பொத்தச் சொல். சிக் சிக் உரக்க வந்தால் கேஸ்கெட்தான். எல்லாமே காலையில், என்ஜின் சில்லென்று இருக்கும்போது பார்க்க வேண்டும். துப்பட்டாவை உள்ளே வைத்துவிட்டு, ஜடையைக் கொண்டையாக முடிந்துகொண்டு பானட்டைத் திற. அந்த ஃபேனுக்குக் கூண்டு கிடையாது.

ஹெட்டும் மானிஃபோல்டும் சேருகிற இடத்தில் கரி படிந்திருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கேஸ்கெட் மாற்ற விடுவதற்கு முந்தின நாள் ராத்திரியே நட்டுகளில் எண்ணெய் விட்டு ஊற வைக்கச் சொல், அம்மிணி. வருஷக்கணக்கான துரு, அவசரமாக முறுக்கினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா