கோழிக்கு நெறி கட்டாது

நமக்குக் காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால் அரையில் நெறி கட்டிக்கொள்ளும். புண்ணிலிருந்து நிணநீர் வழியே வரும் கிருமிகளை எதிர்க்க, அங்கே காவல் அணுக்கள் பெருகுவதால் வருகிற வீக்கம் அது. கோழிக்கு அந்தத் தொல்லை இல்லை. நம்மைப்போல் நிணநீர்க் கணுக்களே அதற்குக் கிடையாது. ஆனால் நமக்கு இல்லாத ஒன்று அதனிடம் உண்டு. இருக்கிற இடம்தான் சொல்லக் கொஞ்சம் கூசும்.

மோகனூர்ப் பக்கம் மாமா ஒருவர் பண்ணை வைத்திருந்தார். ஒரு கோடையில் நாலு வாரக் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குன்றி உட்கார்ந்தன; காலையில் வாளி வாளியாகச் செத்துக் கிடந்தன. நாலைந்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனோம். அவர் ஒன்றை மல்லாத்திக் கிழித்தார். தொடைக் கறியில் ரத்தத் திட்டுகள். ஆசனவாய்க்கு மேலே, முதுகுப் பக்கமாக விரலை விட்டு, திராட்சைப் பழம்போல ஒரு பையை எடுத்தார். மேலே மஞ்சளாகக் கோழை படிந்திருந்தது. பிளந்தால் உள்ளே மடிப்பு மடிப்பாக ரத்தக் கீறல்.

“பர்சா வீங்கியிருக்குது, பாருங்க. கும்போரோச் சீக்குதானுங்க.”

“பால் பவுடரு கலக்கித் தண்ணில தடுப்பு மருந்து குடுத்தனுங்களே டாக்டர்?” மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“தாய்க்கோழி மஞ்சக்கருவுல குடுத்தனுப்புன எதிர்ப்பு அப்ப குஞ்சு ரத்தத்துல மிச்சம் இருந்திருக்குமுங்க. அதுவே மருந்தையும் அழிச்சுப்போடும். முந்திக் குடுத்தாலும் ஆகாது, பிந்துனாலும் ஆகாது.” கையைக் கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: “பொழைச்ச குஞ்சுக்கும் இனி ராணிக்கெட் சீக்குத் தடுப்பு மருந்து சரியாப் புடிக்காதுங்க.”

பிழைத்த குஞ்சுக்கு ஏன் பிடிக்காது? இந்தக் கேள்வி மாமாவை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பையை முதலில் எழுதிவைத்தவர் இத்தாலியில் பதுவா நகரத்து உடற்கூறு ஆசிரியர் ஃபாப்ரீசியஸ். ரத்த ஓட்டத்தைச் சொன்ன ஹார்வி இவருடைய மாணவர்தான். இவர் இறந்தபின் 1621இல் வெளிவந்த நூலில், சேவலின் விந்தைப் பெட்டைக்கோழி சேர்த்துவைக்கிற இடம் இது என்று எழுதியிருக்கிறார். சேவலுக்கும் அதே பை இருக்கிறதே என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். எப்படியோ, முந்நூறு வருஷத்துக்கு மேல் அதன் வேலை யாருக்கும் விளங்கவில்லை.

பிறகு அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் குஞ்சுகளுக்குப் பர்சாவை அறுத்தெடுத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. வகுப்பில் செய்து காட்ட டிமோத்தி சாங் என்ற சக மாணவர் கோழி கேட்க, அவற்றைக் கொடுத்தார். சாங் சால்மொனெல்லா கிருமியை ஊசியில் ஏற்றினார். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாக வேண்டும். பர்சா இல்லாத கோழிகளில் உண்டாகவில்லை. எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும் அணுக்கள் தேறி வருகிற இடமே அந்தப் பைதான். கும்போரோக் கிருமி கைவைப்பதும் நேரே அங்கேதான்.

இதை ‘சயின்ஸ்’ இதழுக்கு அனுப்பினார்கள், திருப்பிவிட்டது. 1956இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ என்ற கோழி வளர்ப்பு இதழில் வந்தது. மனித வைத்தியம் பார்க்கிறவர்கள் கோழிப் பத்திரிகையைப் புரட்டுவார்களா? 1965இல் மேக்ஸ் கூப்பரும் கூட்டாளிகளும் பர்சாவழி அணு, தைமஸ் சுரப்பிவழி அணு என்று இரண்டு படைகளைப் பிரித்துக் காட்டினார்கள். நம் அரையில் நெறியாகத் திரளும் ‘பி’ அணுக்களின் ‘பி’ இந்தப் பர்சாதான். நமக்கு அந்த வேலையை எலும்பு மஜ்ஜை பார்க்கிறது.

என்னைக் கேட்டால், அந்தக் கோழி இதழை நாமக்கல் பண்ணைக்காரர் யாராவது பார்த்திருந்தால் ஒரே மூச்சில் படித்து முடித்திருப்பார்.

பர்சாவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முட்டைக்கோழியில் தேட வேண்டாம். முட்டையிடுகிற வயதில் அது சுருங்கிப் போயிருக்கும். பிராய்லரை ஆறு வாரத்திலேயே வெட்டிவிடுவதால் அதில் முழுசாக இருக்கும். கறிக்கடையில் பின்பக்கத்தை அறுத்து எறிவதற்கு முன்னால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.